விபத்துக்குப் பிறகு வந்த ஆதரவுக் குழு: எது உதவியது, எது உதவவில்லை

தீ விபத்து, கொதிகலன் வெடிப்பு, நச்சுவாயுக் கசிவு போன்ற அவசர நிலைகளுக்குப் பிறகு பணியாளர்களுக்கு மனத்தளவில் துணைநிற்பதற்கென்றே இயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பணியாளர் நல உதவித் திட்டம் என்ற பெயரில் முதலாளி தரப்போடு ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போது ஆலோசகர்களை அனுப்புவதும் ஹெல்ப்லைன் நடத்துவதும் இவற்றின் வேலை. எங்கள் தொழிற்சாலையின் கிடங்கில் தீப்பிடித்து, உடன் வேலை செய்தவர்கள் சிலர் தீக்காயமடைந்தபோது அப்படியொரு நிறுவனத்தின் சேவையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டிவந்தது. பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் என்ற முறையில் நான் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தேன். தூக்கம் கெட்டுப்போன பணியாளர்களில் ஒருவர் என்ற முறையில் அந்தச் சேவையைப் பெற்றும் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய சேவையை எவரிடம் வாங்குவதாக இருந்தாலும் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயங்களே இந்த மதிப்பீட்டில் உள்ளன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதற்கு வழி செய்து கொடுத்த இடங்களில் எல்லாம் இந்தச் சேவை மிக நன்றாக இருந்தது. எங்களுக்குப் பதிலாகத் தாங்களே நின்றுவிடலாம் என்று நினைத்த இடங்களில் சறுக்கியது.

முதல் நாள் வந்தவர்கள் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்கவில்லை. அலாரம் அடித்ததும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். கைப்பை, கைபேசி, வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி, நேரத்துக்குப் போட வேண்டிய மாத்திரை எல்லாம் லாக்கருக்குள் கிடந்தன. கட்டடமோ தீயணைப்பு வீரர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. குழுவுக்குத் தலைமை ஏற்று வந்த அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "வீட்டுக்குச் சொல்லியாச்சா? யாரோட நம்பர் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டு, தங்கள் கைபேசிகளையே கொடுத்துப் பேசவைத்தார். யாருடைய மாத்திரை அவசரம், யாருடைய சாவி உள்ளே மாட்டிக்கொண்டது, தனியாக வசிப்பவர் யார் என்று எழுதிக்கொண்டார். உள்ளே போக அனுமதி கிடைத்ததும் பாதுகாப்பு அதிகாரியிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, அந்த வரிசைப்படியே பொருட்களை எடுத்துவரச் செய்தார். தனியாக வசிக்கும் இருவரை அன்றிரவு சக பணியாளர் வீட்டில் தங்கவைக்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

இந்த அணுகுமுறைக்கு உளவியல் முதலுதவி என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2011இல் களப்பணியாளர்களுக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சூழலைக் கவனித்துப் பார்ப்பது, சொல்ல விரும்புபவருக்குக் காது கொடுப்பது, தேவையான உதவியோடும் உறவுகளோடும் அவரை இணைத்துவிடுவது என்ற மூன்று செயல்களை அது முதன்மையாக வைக்கிறது. நடந்ததை விவரமாகச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஸ்டீவன் ஹாப்ஃபாலும் அவருடைய சகாக்களும் 2007இல் எழுதிய கட்டுரை, பேரிடருக்குப் பிந்தைய உதவி எதுவானாலும் அது வளர்க்க வேண்டியவை ஐந்து என்கிறது: பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு, பதற்றம் தணிதல், நம்மாலும் நம் கூட்டத்தாலும் சமாளிக்க முடியும் என்ற தெம்பு, மனிதர்களோடு தொடர்பு, வருங்காலத்தின் மீது நம்பிக்கை. அந்த நோட்டுப் புத்தகம் இந்த ஐந்தில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பிற்பகலில் அடித்தளம் போட்டது என்பேன்.

சாவிக்கும் கைபேசிக்கும் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கிறிஸ் புரூவினும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 77 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்து, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று 14 காரணிகளைச் சோதித்தது. வயது, கல்வி, முந்தைய மனநலக் குறைபாடு ஆகியவற்றைவிட, சம்பவத்துக்குப் பிறகு ஆதரவு கிடைக்காமல் போவதும் தொடர்ந்து வரும் வாழ்க்கை நெருக்கடிகளும் வலுவான தொடர்பு கொண்டிருந்தன. நடந்துவிட்ட தீயை எவராலும் மாற்ற முடியாது. அதற்குப் பின் வரும் நாட்கள் எப்படி அமைகின்றன என்பது நிர்வாகத்தின் கையிலும் சக பணியாளர்கள் கையிலும் இருக்கிறது. ஆதரவுச் சேவைக்குச் செலவழிக்கும் பணத்துக்கு நியாயம் கிடைப்பது அங்கேதான்.

இவ்வளவு நல்ல தொடக்கத்துக்குப் பிறகு அடுத்து நடந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. முதல் சில நாட்களுக்குள்ளேயே அனைவரும் கூட்ட அரங்குக்கு வரவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது, வருகை கட்டாயம். வேறு இரண்டு ஆலோசகர்கள் வந்து எங்களை வட்டமாக உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள், எது மிகவும் கொடுமையாக இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். காயமடைந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அதே வட்டத்தில் இருந்தார். அன்று விடுப்பில் இருந்தவரும், தூரத்து அலுவலக அறையிலிருந்து புகையை மட்டும் பார்த்தவரும் அதே வட்டத்தில் இருந்தார்கள். தூக்கிவந்தவர் கேள்விக்குப் பணிந்து எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை எதையும் நேரில் பார்த்திராத ஒரு இளம்பெண் அதன் பிறகு பல நாட்கள், தான் பார்க்காத காட்சியைக் கனவில் கண்டு விழித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் அங்க இல்லவே இல்ல, ஆனா எல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்று அவள் என்னிடம் சொன்னபோது பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் போன்ற மீட்புப் பணியாளர்களை மனதில் வைத்து, பல கட்டங்கள் கொண்ட குழு உரையாடலாக 1983இல் இதை வெளியிட்டார். பிறகு இது வங்கி, ஆலை, அலுவலகம் என எல்லா இடங்களுக்கும் பரவியது. மிட்செலின் முறைப்படியே பார்த்தாலும், ஒரே வகையான அனுபவத்தைச் சந்தித்தவர்கள்தான் ஒரு குழுவில் இருக்க வேண்டும். எங்கள் அரங்கில் அந்த விதியும் காற்றில் பறந்தது. பயன் என்ன என்று சோதித்தவர்களின் முடிவுகளும் ஆறுதல் தருவனவாக இல்லை. தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் கொண்டு ஜொனாதன் பிஸன் குழுவினர் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உரையாடலுக்கு உட்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு 13 மாதங்களுக்குப் பிறகு அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு இருந்தது; உட்படாதவர்களில் அது 9 சதவீதம். உட்பட்டவர்களின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானவை என்பதும், அது தனி நபர்களோடும் தம்பதியரோடும் நடத்தப்பட்ட உரையாடலேயன்றிக் குழு அமர்வு அன்று என்பதும் நியாயமான மறுப்புகள். ஆனாலும் அதன் பின் வந்த தொகுப்பாய்வுகளும் ஒரே அமர்வில் முடியும் இத்தகைய உரையாடல் கோளாறைத் தடுப்பதாகக் காணவில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2005இலேயே இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது; 2018இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியிலும் அந்தக் கோளாறைத் தடுப்பதற்காக இதைச் செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

பேசுவதே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. தானாகப் பேச நினைப்பவருக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அது பெரிய உதவி. முறை வைத்து, ஆள் எண்ணி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேசவைப்பதுதான் தவறு. எங்கள் எதிர்ப்பைக் கேட்ட பிறகு அந்த நிறுவனம் அடுத்த பிரிவுகளுக்கு இந்த அமர்வை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக, அதிர்ச்சிக்குப் பிறகு உடலும் மனமும் எப்படி நடந்துகொள்ளும், எவை தானாகக் குறையும், எதற்கு உதவி தேட வேண்டும் என்று சொல்லும் குறுகிய விளக்கக் கூட்டத்தை, வர விரும்புபவர்களுக்கு மட்டும் நடத்தியது. இந்த மாற்றத்தை விரைவாகச் செய்ததற்காக அவர்களுக்கு மதிப்பெண் கூடவே கொடுக்கிறேன்.

ஹெல்ப்லைனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு குரல். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். ஒரே ஆலோசகர் வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

என் பார்வையில் இந்தச் சேவையின் உயிர்நாடி, சக ஆதரவாளர் பயிற்சி. பிரிட்டிஷ் ராயல் மரைன்ஸ் படையில் உருவாகிப் பல துறைகளுக்குப் பரவிய ஒரு திட்டத்தின் சாயலில் இதை அமைத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில், பயிற்சி பெற்ற சக பணியாளர் ஒருவர் சம்பவம் நடந்து சுமார் 72 மணி நேரம் கழித்தும் பிறகு ஒரு மாதம் கழித்தும் பாதிக்கப்பட்டவரோடு பேசி, நிலைமை தேறுகிறதா இல்லையா என்று பார்ப்பார். சிகிச்சை அளிப்பது அவர் வேலை அன்று. எங்கள் இடத்தில் அந்த ஆட்களை நிர்வாகம் நியமிக்காமல், கஷ்டமென்றால் முதலில் யாரிடம் போவீர்கள் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் சீட்டு எழுதி வாங்கித் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஷிப்டில் அதிகப் பெயர் விழுந்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுக்கு. அதிகாரப் படியில் அவர் எவருக்கும் மேலே இல்லை. ஆனால் அவரிடம் சொன்னது வெளியே போகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேலை மீண்டும் தொடங்கிய பிறகு, லோடு ஏற்றும் பையன் ஒருவன் கிடங்குக்குப் போக நேர்வழியை விட்டுவிட்டு முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போவதை அண்ணன்தான் முதலில் கவனித்தார். ஏன் என்று கேட்காமல், இடைவேளையில் தன் இடத்தை மாற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமில்லை என்று அவனாகவே சில நாட்களில் சொன்னான். அண்ணன் அவனைக் கூட்டிக்கொண்டு ஆலோசகர் அறைக்குப் போய், வெளியே பெஞ்சில் காத்திருந்து, திரும்பவும் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டம் பெற்ற ஆலோசகர் எத்தனை பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும், அந்த அறை வரை அவனை நடத்திச் செல்ல அண்ணனைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார். ஷெல்டன் கோஹெனும் தாமஸ் வில்ஸும் 1985இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில், நெருக்கடியின் தாக்கத்தைத் தடுத்துத் தாங்கும் ஆற்றல், வேண்டும்போது எனக்கு ஆள் இருக்கிறது என்று ஒருவர் உணர்வதோடு சேர்ந்தது என்று காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஷிப்டில் அதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணனிடம் ஒருமுறைகூடப் பேசாதவர்கள்கூட, அவர் இருக்கிறார் என்பதில் தெம்பாக இருந்தார்கள்.

சூப்பர்வைசர்களான எங்களுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். "உனக்கு ஒண்ணும் ஆகலையே, அதுக்குச் சந்தோஷப்படு" என்பது போன்ற வாக்கியங்களை நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் தப்பித்துவிட்டோமே, அவரை விட்டுவிட்டு ஓடிவந்தோமே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பவருக்கு அது மேலும் ஒரு அடியாக விழும் என்பதைப் பயிற்சியாளர் நிதானமாகப் புரியவைத்தார். தூங்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா, வீட்டில் உடன் யார் இருக்கிறார்கள், இந்த வாரம் எந்த வேலையை மாற்றிக் கொடுத்தால் இலகுவாக இருக்கும் என்று நேரடியாகக் கேட்கச் சொன்னார். கேட்பதோடு நிற்காமல், கேட்ட அன்றே ஏதாவது ஒன்றைச் செய்து கொடுக்கச் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதிதான் என் வேலையையே மாற்றியது.

ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் பணியிட நெருக்கடி குறித்து எழுதியபோது ஆதரவை நான்கு வகையாகப் பிரித்தார்: அன்பும் அக்கறையும், கைகொடுக்கும் நேரடி உதவி, தகவல், ஒருவரின் செயலை மதித்துச் சொல்லும் வார்த்தை. ஆதரவுச் சேவை என்றதும் நிர்வாகங்கள் முதல் வகையை மட்டுமே நினைத்துக்கொள்கின்றன. ஆலை மூடியிருந்த நாட்களில் எங்களை அதிகம் வாட்டியவை, சம்பளம் வருமா என்ற கேள்வியும், மருத்துவமனையில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதில் பரவிய வதந்திகளும்தான். ஒரு நாளில் ஒருவரைப் பற்றியே மூன்று விதமான செய்தி வரும். இந்த நிறுவனத்தின் குழு நிர்வாகத்திடம் பேசி, மூடிய நாட்களுக்கான சம்பளம் பற்றி எழுத்துப்பூர்வமாக அறிவிக்கவைத்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, காயமடைந்தவர்களின் நிலை பற்றி நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரே இடத்திலிருந்து தகவல் வரவும் வழி செய்தது. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாத நாளிலும், மாற்றமில்லை என்று தகவல் வந்தது. அந்த அறிவிப்பு வந்த இரவுதான் நான் முதன்முறையாக விடியும்வரை தூங்கினேன்.

நிர்வாகத்தின் நடத்தைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். உடல்களை மீட்டு அடையாளம் காணும் கொடிய பணியில் ஈடுபட்ட காவலர்களை டேவிட் அலெக்சாண்டர் என்ற மனநல ஆய்வாளர் சகாக்களோடு ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு மனப் பாதிப்பு அவர்களிடம் காணப்படவில்லை. பணியை ஒழுங்குபடுத்திய விதமும் மேலாண்மை தந்த ஆதரவும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

வேலைக்குத் திரும்பும் கட்டத்தையும் குழு நன்றாகக் கையாண்டது. இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன்பே, விரும்பியவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். கருகிய சுவர் எங்கே இருக்கிறது, புதிய வெளியேறும் வழி எது, எந்த வால்வை மாற்றியிருக்கிறார்கள் என்று பாதுகாப்பு அதிகாரி உடன் நடந்து காட்டினார். அலாரத்தைச் சோதிக்கும் நேரத்தை முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்பதும் இவர்கள் கொடுத்த யோசனையே. ஆபத்து நீங்கிவிட்டதா என்று தெரியாத இடத்தில் பயப்படுவது நோய் அன்று, அது அறிவு. முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று மேலாளர்கள் கூட்டத்தில் அந்த அம்மையார் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தார்களா என்பதே எந்தச் சேவைக்கும் கடைசிப் பரீட்சை. முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், கனவு, எரிச்சல் ஆகியவை பலருக்கும் வருபவை. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே குறையும். ஒரு மாதத்தைத் தாண்டியும் அவை நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறா என்று பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தில், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஆகவே எல்லாரையும் முதல் வாரத்தில் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போவதைவிட, தேறாதவர்களை இரண்டாம் மாதத்தில் கண்டுபிடித்துச் சரியான சிகிச்சைக்கு அனுப்புவது பல மடங்கு பயன் தரும். எங்களுக்கு வந்த குழு இதைச் செய்தது. லோடு ஏற்றும் பையன் உட்படச் சிலர் அப்படித்தான் சிகிச்சைக்குப் போனார்கள். ஆனால் இரவு ஷிப்டுக்கு மட்டும் ஆலோசகர் நேரில் வரவில்லை. பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் அவர்கள் எழுந்து வரவேண்டியிருந்தது. தூக்கமே சிக்கலாக இருக்கும்போது இது சரியல்ல.

இரகசியம் பற்றியும் ஒரு சொல். ஆலோசகர்கள் பெயர் சொல்லாமல் மொத்த எண்ணிக்கையை மட்டுமே எச்.ஆர். பிரிவுக்குக் கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஆலோசனை அறை எச்.ஆர். அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. யார் உள்ளே போகிறார், யார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார் என்பது கண்ணாடிக் கதவு வழியே தெரியும். பின்வாசல் பக்கம் அறையை மாற்றிய பிறகே ஆண் பணியாளர்கள் பலர் வரத் தொடங்கினார்கள். இடத்தைத் தேர்வு செய்யும்போதே ஆலோசகர்கள் இதை வலியுறுத்தியிருக்க வேண்டும்.

மிகப் பெரிய குறை ஒப்பந்தத்திலேயே இருந்தது. நிரந்தரப் பணியாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் மட்டுமே பயனாளிகள் என்று எழுதப்பட்டிருந்தது. தீப்பிடித்த கிடங்கில் அன்று அதிகம் இருந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். துப்புரவுப் பணி செய்யும் பெண்கள், வாயிற்காவலர்கள், லாரியோடு வந்தவர்கள் எவருக்கும் அதில் இடமில்லை. முதல் நாள் அந்த அம்மையார் யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று பார்க்காமல் எல்லாரிடமும் நோட்டை நீட்டினார். அண்ணன் கூட்டிவந்த ஒப்பந்தப் பையனையும் ஆலோசகர் தன் பொறுப்பில்தான் பார்த்தார். தனிமனிதர்களின் நல்ல மனத்தால் நடந்த இந்த உதவி, ஹெல்ப்லைனில் அடையாள எண் கேட்டவுடன் நின்றுபோனது.

இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நேரம். பணியாளர் குழுவின் சார்பில் சில மாற்றங்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம். கட்டாய அமர்வு கூடாது, ஒருவருக்கு ஒரே ஆலோசகர், இரவு ஷிப்டுக்கு நேரில் வருகை ஆகியவற்றை நிறுவனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. சக ஆதரவாளர்களுக்கு ஆண்டுதோறும் மறுபயிற்சியும், அவர்களுடைய மனச்சுமையைக் கேட்கத் தனி ஆலோசகரும் தருவதாகவும் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்ப்பதற்கான கூடுதல் கட்டணத்தை யார் தருவது என்பதில் நிர்வாகத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே பேச்சு நீள்கிறது. அது முடிவாகும்வரை, இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரைக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.